பி.ரி.ஓ.: மூன்றெழுத்துக் குறுக்கமும் நான்கு களங்களும்

ஆங்கிலத்திலிருந்து தமிழ்ப் பேச்சுக்கு வந்த குறுக்கங்களுள் பி.ரி.ஓ. என்பதற்கு ஒன்றுக்கொன்று உறவில்லாத பல விரிவுகள் உண்டு. உழவு இயந்திரத்தில் அது ‘பவர் ரேக் ஓஃப்’, அதாவது எஞ்சினின் வலுவை வெளியே எடுத்துக்கொடுக்கும் தண்டு. வேலைத்தலத்தில் ‘பெய்ட் ரைம் ஓஃப்’, சம்பளத்துடன் கூடிய விடுப்பு. பாடசாலையில் ‘பேரன்ட் ரீச்சர் ஓகனைசேஷன்’, பெற்றோரும் ஆசிரியரும் சேர்ந்த அமைப்பு. தாளின் அடியில் அச்சிடப்பட்டால் ‘பிளீஸ் ரேர்ண் ஓவர்’, பக்கத்தைத் திருப்புக என்னும் வேண்டுகோள். தமிழகத்தில் இதே குறுக்கம் பி.டி.ஓ. என்று எழுதப்படுகிறது. அங்கே அதற்கு வேறு பொருள்களும் சேர்ந்துகொள்கின்றன.

இந்த நான்கு களங்களும் ஒரே ஊரில் கூடும் இடங்களில் ஒன்று கதிரவெளி. மட்டக்களப்பு மாவட்டத்தின் வட எல்லையில், வாகரைக்கு வடக்கே, வெருகல் ஆற்றுக்குத் தெற்கே, மட்டக்களப்பையும் திருகோணமலையையும் இணைக்கும் ஏ-15 நெடுஞ்சாலையில் அது அமைந்துள்ளது. கோறளைப்பற்று வடக்குப் பிரதேச செயலகப் பிரிவையும் கல்குடாக் கல்வி வலயத்தையும் சேர்ந்தது. வேளாண்மையும் மீன்பிடியும் கூலிவேலையும் இங்குள்ளோரின் தொழில்கள். அரச உத்தியோகமும் பாடசாலையும் பரீட்சையும் ஏனைய இலங்கைக் கிராமங்களில் போலவே இங்கும் வாழ்வோடு கலந்தவை. ஒரு குறுக்கம் களத்துக்குக் களம் எவ்வாறு பொருள் மாறுகிறது என்பதை இத்தகைய ஊரை வைத்தே தெளிவாகக் காணலாம்.

வயலில்: வலுவை எடுத்துக்கொடுக்கும் தண்டு

நான்கு பொருள்களுள் கையால் தொடக்கூடிய பொருளைக் குறிப்பது உழவு இயந்திரத்தின் பி.ரி.ஓ. மட்டுமே. இயந்திரத்தின் பின்புறம், இரு பெரிய சில்லுகளுக்கும் நடுவே, நீளப் பள்ளங்கள் வெட்டப்பட்ட குட்டையான உருக்குத் தண்டு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். எஞ்சின் ஓடும்போது உரிய நெம்புகோலைத் தள்ளினால் அத்தண்டு சுழலும். இருமுனையிலும் யுனிவர்சல் ஜொயின்ற் உள்ள இணைப்புத் தண்டொன்றை அதில் மாட்டி மறுமுனையைச் சுழல் கலப்பையிலோ நீர்ப்பம்பியிலோ சூடடிக்கும் இயந்திரத்திலோ பொருத்தினால், அந்தக் கருவிக்குத் தனி எஞ்சின் தேவையில்லை. உழவு இயந்திரத்தின் எஞ்சினே அதையும் இயக்கிவிடும்.

இந்த ஏற்பாடு வருமுன் உழவு இயந்திரம் ஒரு பொருளை இழுக்கவும், பட்டி மாட்டிய கப்பி வழியாக நின்ற இடத்தில் ஒரு கருவியைச் சுழற்றவுமே பயன்பட்டது. ஓடிக்கொண்டே பின்னால் உள்ள கருவியைச் சுழற்ற அதனால் இயலவில்லை. பிரான்சில் கூஜீ என்னும் உழவர் தாமே அமைத்துக்கொண்ட வலுவெடுப்பு ஏற்பாட்டைப் பார்த்து வியந்தவர் எட்வேட் ஜோன்ஸ்ரன் என்ற அமெரிக்கப் பொறியியலாளர். அவர் பணியாற்றிய இன்ரநாஷனல் ஹாவெஸ்ரர் நிறுவனம் 1918இல் அறிமுகப்படுத்திய 8-16 என்னும் வகையே இத்தண்டோடு சந்தைக்கு வந்த முதல் உழவு இயந்திரமாகக் கருதப்படுகிறது. ஒரு நிறுவனத்தின் இயந்திரத்தோடு வேறொரு நிறுவனத்தின் கருவி பொருந்தவேண்டுமானால் தண்டின் அளவும் வேகமும் எங்கும் ஒன்றாக இருக்கவேண்டும். இதற்கான தரத்தை அமெரிக்க வேளாண் பொறியியலாளர் சங்கம் 1927இல் வகுத்தது. தண்டின் வேகம் நிமிடத்துக்கு 540 சுற்று என்று நிலைபெற்றது. பெரிய இயந்திரங்களுக்காக 1958இல் 1000 சுற்று என்னும் இரண்டாவது தரமும் சேர்ந்தது. 540 சுற்றுத் தண்டு ஏறத்தாழ 35 மில்லிமீற்றர் விட்டமும் ஆறு பற்களும் கொண்டது. அதே விட்டமுள்ள 1000 சுற்றுத் தண்டுக்கு 21 பற்கள். ஒன்றுக்குரிய கருவியை மற்றதில் தவறுதலாக மாட்டிவிட முடியாதபடி பல்லின் எண்ணிக்கையே காவலாக நிற்கிறது.

தொடக்ககால இயந்திரங்களில் கிளச்சை மிதித்தால் சில்லோடு சேர்ந்து பி.ரி.ஓ.வும் நின்றுவிடும். வயலின் மூலையில் வண்டியை நிறுத்தும்போதெல்லாம் பின்னாலுள்ள கருவியும் நின்று, அதற்குள் வைக்கோல் அடைத்துக்கொள்ளும். கனடாவின் கொக்ஷட் நிறுவனம் 1946இல் வெளியிட்ட இயந்திரத்தில் சில்லின் ஓட்டத்தைச் சாராமல் சுழலும் தண்டு இடம்பெற்றது. பின்னாளில் பரவிய இரட்டைக் கிளச் இதையே வேறு வழியில் செய்தது. பாதி மிதித்தால் வண்டி நிற்கும். முழுவதும் மிதித்தால் பி.ரி.ஓ.வும் நிற்கும். இலங்கை வயல்களில் நெடுங்காலமாகக் காணப்படும் மசி பெர்கூசன் வகைகளை 1960இல் சென்னையில் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனம் உற்பத்தி செய்துவருகிறது. கிழக்கிலங்கை உழவருக்கும் தமிழக உழவருக்கும் இந்தத் தண்டு பழக்கமானதில் அவ்வியந்திரங்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

மட்டக்களப்புப் பகுதியில் ‘வேளாண்மை’ என்றால் தொழிலை மட்டுமன்றி வயலில் நிற்கும் நெற்பயிரையும் குறிக்கும். வேளாண்மை வெட்டிக் கதிரைக் குவித்து வைப்பது சூடு. களவெட்டியில் அதைப் பரப்பி மணியைப் பிரிப்பது சூடடித்தல். முன்பு எருமைகளை வளைத்து நடத்திச் சூடடித்தனர். உழவு இயந்திரம் வந்தபின் அதையே கதிர்மேல் வட்டமாக ஓட்டினர். அப்போது வேலை செய்தவை இயந்திரத்தின் பாரமும் சில்லுமே, பி.ரி.ஓ. சும்மா இருந்தது. தண்டில் மாட்டும் சூடடிக்கும் இயந்திரம் பரவிய பிறகே அத்தண்டு களவெட்டிக்குள் வந்தது. பின்னர் வெட்டுவதையும் அடிப்பதையும் தூற்றுவதையும் ஒரே ஓட்டத்தில் முடிக்கும் அறுவடை இயந்திரங்கள் தமக்கென எஞ்சினோடு வந்தன. அதனால் சூடடிப்பதில் பி.ரி.ஓ.வின் பங்கு சுருங்கியது. சேற்றை மசிக்கும் சுழல் கலப்பையிலும் வாய்க்காலிலிருந்து நீர் இறைக்கும் பம்பியிலும் வைக்கோல் கட்டும் கருவியிலும் அது இன்றும் முதன்மை பெறுகிறது. இரு சில்லுள்ள சிறிய ‘லான்ட்மாஸ்ரர்’ வகைகளில் பெரும்பாலும் பட்டியே இவ்வேலையைச் செய்வதால், பி.ரி.ஓ. என்ற சொல் நான்கு சில்லு இயந்திரத்தைச் சுற்றியே வழங்குகிறது.

சொல் உழவு இயந்திரத்தோடு நின்றுவிடவில்லை. டிப்பர் லொறியின் பெட்டியைத் தூக்கும் எண்ணெய்ப் பம்பி கியர்ப் பெட்டியிலிருந்து வலு பெறுகிறது. அந்த இணைப்பும் பி.ரி.ஓ. சீமெந்துக் கலவை லொறி, தீயணைப்பு வண்டி, படகின் எஞ்சினால் வலை இழுக்கும் வின்ச் ஆகியவற்றிலும் இதே பெயர் உண்டு. தண்டின் வடிவம் மாறினாலும் தொழில் ஒன்றே: ஓட்டத்துக்கென்று பிறந்த எஞ்சினிலிருந்து வேறொரு வேலைக்கு வலுவைப் பிரித்துக் கொடுப்பது.

இப்பொருளில் மட்டும் குறுக்கத்துக்குள் உயிராபத்தும் அடங்கியுள்ளது. 540 சுற்று என்றால் நொடிக்கு ஒன்பது சுற்று. 35 மில்லிமீற்றர் தண்டின் சுற்றளவு ஏறத்தாழ 11 சென்ரிமீற்றர். ஆகவே துணியின் ஓரம் சிக்கினால் ஒரு நொடியில் ஏறத்தாழ ஒரு மீற்றர் துணி தண்டில் சுற்றிவிடும். இணைப்புத் தண்டும் ஜொயின்றும் இதைவிடப் பருமனானவை. அவற்றில் துணி இன்னும் வேகமாகச் சுற்றிக்கொள்ளும். சாரத்தின் தொங்கல், சேலை முந்தானை, தளர்ந்த சட்டைக் கை, அவிழ்ந்த கூந்தல் இவற்றில் எது பட்டாலும், கையை இழுத்துக்கொள்ளவேண்டும் என்று மூளை உணர்வதற்குள் ஆள் இழுக்கப்பட்டுவிடுவார். தண்டின்மேல் சுழலாத உறை இருக்கவேண்டும், இறங்குமுன் பி.ரி.ஓ.வை விடுவித்து எஞ்சினை நிறுத்தவேண்டும், சுழலும் தண்டைத் தாண்டிக் காலெடுத்து வைக்கக்கூடாது என்பவை எல்லா நாட்டுக் கையேடுகளிலும் முதலில் சொல்லப்படும் விதிகள்.

வேலைத்தலத்தில்: சம்பளம் குறையாத விடுப்பு

இரண்டாவது பொருள் அமெரிக்க அலுவலகங்களில் உருவானது. வருடாந்த விடுப்பு, நோய் விடுப்பு, சொந்த அலுவலுக்கான விடுப்பு என்று தனித்தனியாக எண்ணாமல் எல்லாவற்றையும் ஒரே கணக்கில் சேர்த்து, ஊழியர் காரணம் சொல்லாமலே எடுத்துக்கொள்ளும்படி விடுவது இம்முறை. அமெரிக்காவின் 1938ஆம் ஆண்டு நியாயமான தொழில் தராதரச் சட்டம் வேலை செய்யாத நாளுக்குச் சம்பளம் கொடுக்குமாறு தொழில்கொள்வோரைக் கட்டாயப்படுத்தவில்லை. எனவே அங்கே பி.ரி.ஓ. பெரும்பாலும் நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் பிறக்கும் சலுகை. சர்வதேசத் தொழில் அமைப்பு வேறு வழியில் சென்றது. ஓராண்டு வேலை செய்தவருக்குக் குறைந்தது ஆறு வேலைநாள் சம்பளத்துடன் விடுப்பு வேண்டும் என்று அதன் 1936ஆம் ஆண்டு உடன்படிக்கையும், மூன்று வேலை வாரங்கள் வேண்டும் என்று 1970ஆம் ஆண்டு உடன்படிக்கையும் கூறின.

இலங்கையில் சம்பளத்துடன் கூடிய விடுப்பு சட்டம் தரும் உரிமை; ஆனால் அது ஒரே கணக்காக இல்லை. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டத்தின் கீழ் வருவோருக்கு ஆண்டுக்கு 14 நாள் வருடாந்த லீவும் 7 நாள் அமைய லீவும் உண்டு. வருடாந்த லீவில் குறைந்தது ஏழு நாளைத் தொடர்ச்சியாக எடுக்கவேண்டும். முதலாண்டு வேலைக்கான லீவு, சேர்ந்த காலத்தைப் பொறுத்தது. ஏப்ரிலுக்கு முன் சேர்ந்தவருக்கு அடுத்த ஆண்டில் 14 நாள், ஏப்ரில் முதல் ஜூன் வரை சேர்ந்தவருக்கு 10, ஜூலை முதல் செப்ரெம்பர் வரை 7, அதன் பின் சேர்ந்தவருக்கு 4. அரச உத்தியோகத்தருக்குத் தாபன விதிக்கோவை ஆண்டுக்கு 21 நாள் அமைய லீவையும் 24 நாள் ஓய்வு லீவையும் வகுத்துள்ளது. முழுநிலா நாளான போயா தனி விடுமுறை. பேச்சில் இவை அனைத்துக்கும் ‘லீவு’ என்ற ஒரே சொல் போதும். கணக்கு முடிந்தபின் எடுப்பது ‘நோ பே’. அந்த நாளுக்குரிய சம்பளம் வெட்டப்படும்.

ஆகவே ‘பெய்ட் ரைம் ஓஃப்’ என்பதை வருடாந்த லீவு என்றோ அமைய லீவு என்றோ பெயர்ப்பது பிழை. அமெரிக்கக் குறுக்கம் சுட்டுவது இவற்றின் கூட்டுத்தொகை. வெளிநாட்டு நிறுவனங்களுக்கு வேலை செய்யும் கணினித்துறை, கணக்கியல் அலுவலகங்களின் வழியாக இச்சொல் கொழும்புக்கும் சென்னைக்கும் வந்தது. அங்கு வேலைக்குச் சேரும் கிழக்கிலங்கை இளைஞர் நியமனக் கடிதத்தில் இதைக் காணும்போது, தமக்குச் சட்டப்படி உரிய நாள்கள் இந்த எண்ணுக்குள் அடங்கியுள்ளனவா, வேறாக உண்டா என்று கேட்டறியவேண்டியுள்ளது.

கதிரவெளி போன்ற ஊரில் இப்பொருள் தொடாத மக்களே அதிகம். நாட்கூலிக்குப் போகிறவருக்கும் கரைவலை இழுப்பவருக்கும் வேலையில்லாத நாள் வருமானமில்லாத நாள். மட்டக்களப்பு வயல்களில் போகம் முழுவதும் காவலும் நீரும் பார்க்கும் முல்லைக்காரரின் ஊதியம் மரபாக அறுவடையோடு சேர்த்துக் கணக்கிடப்பட்டது. அதில் ஓய்வு நாளுக்கென்று தனிக் கணக்கு இல்லை. வயலில் பி.ரி.ஓ.வை நாள்தோறும் இயக்கும் சாரதிக்கு அலுவலகத்துப் பி.ரி.ஓ. பெரும்பாலும் கிடைப்பதில்லை.

இந்தியாவின் இரயில்வே ஊழியருக்கோ தொழில்சார் பி.டி.ஓ. முற்றிலும் வேறு. அது ‘பிரிவிலேஜ் டிக்கெட் ஆர்டர்’, சலுகைப் பயணச்சீட்டு ஆணை. இலவசப் பயணத்துக்கான பாஸ் ஒருபுறம் இருக்க, இந்த ஆணையைக் காட்டி மூன்றில் ஒரு பங்கு கட்டணத்தில் சீட்டு வாங்கலாம். 1986ஆம் ஆண்டின் இரயில்வே ஊழியர் பாஸ் விதிகள் இதை ஒழுங்குபடுத்துகின்றன. விடுப்பும் பயணச்சீட்டும் சேர்ந்தே தேவைப்படுவதால், ஊழியர் ஒருவர் இரண்டையும் ஒரே வாரத்தில் விண்ணப்பிப்பதுண்டு. எனினும் இரயில்வேக் குடியிருப்புகளில் பி.டி.ஓ. என்பது சீட்டையே குறிக்கும், விடுப்பைக் குறிக்காது.

பாடசாலையில்: அமைப்பும் பக்கமும்

அமெரிக்கப் பள்ளிகளில் பி.ரி.ஏ., பி.ரி.ஓ. என்று இரண்டு உண்டு. 1897இல் அலிஸ் பேர்னி, பீபி ஹேர்ஸ்ற் ஆகிய இருவர் தொடங்கிய தாய்மார் மாநாட்டிலிருந்து வளர்ந்த தேசிய அமைப்பு பி.ரி.ஏ.; அதன் கிளைகள் சந்தா செலுத்தி அதன் விதிகளை ஏற்கின்றன. அவ்வாறு சேராமல் ஒரு பள்ளியளவில் தனித்து இயங்கும் குழுக்களே பொதுவாக பி.ரி.ஓ. எனப்படுகின்றன. ஓரெழுத்து வேறுபாடு நிர்வாக வேறுபாட்டைச் சுட்டுகிறது.

தமிழகத்தில் இதற்கு இணையானது பெற்றோர் ஆசிரியர் கழகம், வழக்கில் பி.டி.ஏ. அதன் மாநில அமைப்பு வெளியிடும் வினாத்தொகுப்புகளால் ‘பி.டி.ஏ. புக்’ என்ற சொல்லும், கழக நிதியில் தற்காலிகமாகச் சம்பளம் பெறுவோரால் ‘பி.டி.ஏ. டீச்சர்’ என்ற சொல்லும் உருவாயின. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவை அமைத்தது. அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்களாகவும் இருக்கவேண்டும். இது எஸ்.எம்.சி. எனப்படுகிறது.

இலங்கையில் இவ்விடத்தை நிரப்புவது பாடசாலை அபிவிருத்திச் சங்கம். அதிபர் பதவிவழித் தலைவராக இருக்க, பெற்றோரும் ஆசிரியரும் உறுப்பினராகின்றனர். அமெரிக்கப் பி.ரி.ஓ. பெற்றோர் நடத்தும் தன்னார்வக் குழு. இலங்கைச் சங்கமோ கல்வி அமைச்சின் சுற்றறிக்கைகளின்படி நடப்பது. எனவே ஒன்றை மற்றதன் பெயரால் அழைத்தால் அமைப்பின் தன்மை மறைந்துவிடும்.

இலங்கைத் தமிழருக்குப் பி.ரி.ஏ. என்றதும் பாடசாலை நினைவுக்கு வராமைக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் ஆங்கிலக் குறுக்கமும் அதுவே. விசாரணையின்றித் தடுத்து வைக்க இடமளித்த அச்சட்டத்தின் நிழலில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த மக்களிடம், அந்த மூன்றெழுத்து வேறெதையும் குறிக்க இடம் மிஞ்சவில்லை. 2006, 2007ஆம் ஆண்டுகளின் போரில் வாகரை, கதிரவெளிப் பக்கத்து மக்கள் இடம்பெயர்ந்து முகாம்களில் வாழ்ந்தபோது உள்நாட்டில் இடம்பெயர்ந்தோரைக் குறிக்கும் ஐ.டி.பி. என்பதும் அதுபோலவே தொண்டு நிறுவனத் தாள்களிலிருந்து பேச்சுக்கு இறங்கியது. ஒரு குறுக்கத்தின் பொருள்களுள் எது முதலில் மனத்தில் எழும் என்பதை அகராதியைவிட மக்களின் அனுபவமே முடிவு செய்கிறது.

நான்காவது பொருள் தாளின் அடிக்கானது. ஆங்கிலக் கடிதத்திலும் படிவத்திலும் பக்கத்தின் கீழே இடப்படும் பி.ரி.ஓ., மறுபக்கத்திலும் எழுத்து உண்டு என்று எச்சரிக்கிறது. தமிழில் இதற்குக் குறுக்கம் தேவைப்படவில்லை. தமிழகப் பொதுத்தேர்வு வினாத்தாள்களில் ‘திருப்புக’ என்ற ஒரு சொல்லும், இலங்கைப் பரீட்சை வினாத்தாள்களில் எந்தப் பக்கத்தைப் பார்க்கவேண்டும் என்னும் குறிப்பும் இடம்பெறும். ‘திருப்புக’ என்னும் வியங்கோள் முற்று மரியாதையையும் ஏவலையும் தன் விகுதியிலேயே அடக்கியிருப்பதால், ஆங்கிலத்தின் மூன்று சொல்லும் அதில் வந்துவிடுகின்றன.

எழுத்தில்: ரி என்பதும் டி என்பதும்

ஆங்கிலத்தில் மூன்று எழுத்தாக இருந்தது தமிழ் எழுத்துக்கு மாறும்போது இன்னும் சில பொருள்களை ஏற்கிறது. தமிழ் நெடுங்கணக்கில் வல்லினத்துக்கு ஒலிப்புள்ளது, ஒலிப்பில்லாதது என்று இரண்டு வடிவம் இல்லை. பகரம் ஒன்றே ஆங்கிலத்தின் இரு எழுத்துக்கும், டகரம் ஒன்றே வேறு இரு எழுத்துக்கும் நிற்கவேண்டும். அதனால் தமிழகத்தில் பி.டி.ஓ. என்று எழுதினால் அது உழவு இயந்திரத் தண்டாகவும் இருக்கலாம். ‘பிளாக் டெவலப்மெண்ட் ஆபீசர்’ என்னும் வட்டார வளர்ச்சி அலுவலராகவும் இருக்கலாம். 1952 ஒக்ரோபர் 2ஆம் நாள் தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டத்தோடு பரவிய அப்பதவி ஊராட்சி ஒன்றியங்களில் அன்றாடம் புழங்குவது. தமிழக ஊர்ப்புறத்தில் ‘பி.டி.ஓ. வந்திருக்கிறார்’ என்பதில் குழப்பமில்லை, ‘பி.டி.ஓ. வேலை செய்யவில்லை’ என்பதில் உண்டு.

இலங்கைத் தமிழ் எழுத்து மரபு இதில் பாதியைத் தீர்த்துக்கொண்டது. ரீச்சர், ரிக்கற், ரெலிபோன் என்பவற்றில் போல, ஒலிப்பில்லாத ஆங்கில ஒலிக்கு ரகரமும் றகரமும், ஒலிப்புள்ளதற்கு டகரமும் வழங்குகின்றன. அதனால் இலங்கையில் பி.ரி.ஓ. வேறு, பி.டி.ஓ. வேறு. ஆனால் பகரச் சிக்கல் அங்கும் தீரவில்லை. ரகரத்தைக் கடனாகக் கொடுத்ததால், ஆங்கில ரகரத்தில் தொடங்கும் சொல்லோடு புதிய மயக்கமும் உண்டாகிறது. ‘ரேக்’ என்று எழுதினால் எடுத்தலா, வாருகோலா என்று தெரியாது.

குறுக்கத்தை விரித்தாலும் இரு கரைகளும் ஒன்றாவதில்லை. ‘பவர்’ என்பதற்கு இலங்கைப் பாடநூல்களில் வலு, தமிழகப் பாடநூல்களில் திறன். இலங்கையில் பரிவலு எனப்படுவது தமிழகத்தில் குதிரைத்திறன். எனவே வலுவெடுப்புத் தண்டு என்றும் திறனெடுப்புத் தண்டு என்றும் இரு பெயர்கள் எழ இடமுண்டு. இரு நாட்டிலும் ஒரே தொழிற்சாலையின் இயந்திரம் ஓடுவதால், பட்டறையில் ஆங்கிலக் குறுக்கமே பொதுச்சொல்லாக நிலைத்தது.

குழூஉக்குறியும் தமிழ்க் குறுக்கமும்

ஒரு கூட்டத்தார் தமக்குள் வழங்கும் சொல்லைத் தமிழிலக்கணம் குழூஉக்குறி என்கிறது. நன்னூல் தகுதிவழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாக வகுத்தது. பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பதை உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டினர். ‘பறி’ என்பதற்கு மீன்பிடி கூடை என்ற பொருளும் உண்டு. பொன் வேலை நடக்கும் இடத்தில் எவரும் கூடையைத் தேடமாட்டார். பி.ரி.ஓ.வும் இவ்வாறே. அது பல பொருளுடைய ஒரு சொல் என்பதைவிட, ஓசையால் ஒத்த நான்கு குழூஉக்குறிகள் என்பதே பொருந்தும்.

பல பொருள் ஒரு சொல்லைப் பிரித்தறிய வழக்கமாக வினை உதவும். இங்கே அதுவும் கைகொடுப்பதில்லை. தமிழில் லீவும் ‘போடலாம்’, கியரும் ‘போடலாம்’, கூட்டமும் ‘போடலாம்’. ‘நாளைக்குப் பி.ரி.ஓ. போடவேண்டும்’ என்னும் தொடர் வயலிலும் அலுவலகத்திலும் பாடசாலையிலும் குறையின்றி ஒலிக்கும். பக்கத்தை மட்டுமே திருப்பவேண்டும். பொருளைத் தீர்மானிப்பது பேசுவோர் நிற்கும் இடமே.

தமிழுக்குக் குறுக்கம் புதிதன்று. ஊர்ப்பெயர்கள் மரூஉவாகக் குறுகின. திருகோணமலை திருமலை ஆயிற்று. ஏட்டிலும் கணக்கிலும் நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, வருடத்துக்கு ௵, மேற்படிக்கு ௸ என்ற குறிகள் இருந்தன. இன்றைய இலங்கையில் க.பொ.த. (கல்விப் பொதுத் தராதரப் பத்திரம்), இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை), ப.நோ.கூ.ச. (பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம்) என்பவை எழுத்தறிந்த அனைவருக்கும் தெரியும். கல்குடா வலயப் பாடசாலையின் பெயர்ப்பலகை ‘மட்/ககு’ என்று தொடங்கி ‘ம.வி.’ (மகா வித்தியாலயம்) என்று முடிந்தால், மாவட்டமும் வலயமும் பாடசாலையின் வகையும் அதிலேயே அடங்கிவிடும்.

ஆங்கிலக் குறுக்கத்துக்கும் இவற்றுக்கும் அமைப்பில் வேறுபாடு உண்டு. ஆங்கிலம் முதலெழுத்தை எடுக்கிறது. தமிழ் உயிரையோ உயிர்மெய்யையோ எடுக்கிறது. 26 எழுத்தை மூன்று இடத்தில் வைத்தால் 17,576 சேர்க்கைகளே கிடைக்கும். நன்னூல் விதிப்படி தமிழ்ச்சொல்லின் முதலில் வரத்தக்க எழுத்து 103; அவற்றால் மூன்றிடத்தில் பத்து இலட்சத்து 92,727 சேர்க்கைகள் அமையும். கணக்களவில் தமிழ்க் குறுக்கம் மயங்கும் வாய்ப்பு மிகக் குறைவு. நடைமுறையில் சபை, சங்கம் போன்ற சொற்கள் மீண்டும் மீண்டும் வருவதால் மயக்கம் முற்றிலும் நீங்குவதில்லை. ‘மா.ச.’ மாகாண சபையா, மாநகர சபையா என்பது சூழலைக் கேட்டே தெரியும். எனினும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் குறுக்கமான பா.அ.ச. என்பதை உழவு இயந்திரத்தோடு எவரும் குழப்பமாட்டார்.

குறுக்கம் வேரூன்றிவிட்டால் விரிவு மாறினாலும் அது மாறாது. 1963இல் ஊர்த்தலைவர் முறையை நீக்கிக் கிராம சேவகர் பதவி உருவானது. பின்னர் அது கிராம உத்தியோகத்தர் ஆயிற்று. ஆயினும் பேச்சில் இன்றும் ‘ஜீ.எஸ்.’ தான். 1992ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரதேச செயலாளருக்கு அதிகாரம் மாறிய பின்னும் ‘ஏ.ஜி.ஏ. ஒபிஸ்’ (உதவி அரசாங்க அதிபர் அலுவலகம்) என்பது முதியோரிடம் மறையவில்லை. பயன்படுத்துவோருக்குக் குறுக்கமே பெயர். விரிவை அவர்கள் நினைப்பதில்லை. உழவு இயந்திரச் சாரதிக்கும் ‘பவர் ரேக் ஓஃப்’ என்ற தொடர் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எந்த நெம்புகோல் என்று தெரிந்தால் போதும்.

விரித்து எழுதவேண்டிய இடங்கள்

ஒரு களத்துக்குள் இருப்பவர் தம்முள் பேசும்வரை குறுக்கம் தொல்லை தருவதில்லை. எழுத்து ஒரு களத்திலிருந்து இன்னொன்றுக்குக் கடக்கும்போதே தொல்லை தொடங்குகிறது. அத்தகைய கடப்புகள் மூன்று. முதலாவது, இயந்திரக் கையேடும் எச்சரிக்கை ஒட்டியும். உறையின்மேல் மூன்றெழுத்து மட்டும் இருந்தால் அது பட்டறைக்காரருக்கே எச்சரிக்கை. வைக்கோல் அள்ள வந்த பெண்ணுக்கும் வேடிக்கை பார்க்கும் பிள்ளைக்கும் ‘சுழலும் தண்டு, கிட்டப் போகாதே’ என்ற தொடரே காவல். இரண்டாவது, நியமனக் கடிதம். அங்கே குறுக்கத்துக்குப் பதில் எவ்வகை லீவு, எத்தனை நாள், எஞ்சினால் என்ன ஆகும் என்பவை விரித்து எழுதப்படவேண்டும். மூன்றாவது, பாடசாலையிலிருந்து வீட்டுக்குப் போகும் கடிதம். ஆங்கிலக் குறுக்கத்தை அறியாத பெற்றோருக்கும் சங்கக் கூட்டத்தில் வாக்குரிமை உண்டு. அழைப்பு அவருக்குப் புரியும் பெயரில் இருக்கவேண்டும்.

மொழிபெயர்ப்பாளருக்கு இதிலிருந்து கிடைக்கும் விதி எளியது. மூன்றெழுத்தைக் கண்டதும் மூன்று தமிழெழுத்தைத் தேடாமல், அது எந்தக் களத்தின் குறி என்று முதலில் அறியவேண்டும். பட்டறைக்குள் பி.ரி.ஓ. அப்படியே நிற்கலாம். லீவுக்கும் சங்கத்துக்கும் தமிழில் ஏற்கெனவே பெயர் உண்டு. பக்கத்தின் அடியில் ‘திருப்புக’ போதும்.